ஏழு நிமிடப் பாரம்

அடுப்பங்கரை ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒருத்தி கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அன்று புதன்கிழமை. பேருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரைச் சுடப் போற?"

"பேசாதீங்க. அஞ்சாவது நிமிஷம் ஓடுது."

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் மனைவியின் வலது தோளையும் மாறி மாறிப் பார்த்தார். போன வருடம் சதை கிழிந்து, தையல் போட்டு, நான்கு மாதம் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கிய தோள் அது. எட்டாவது நிமிடம் முடிந்ததும் அவள் பாட்டிலை மேடையில் வைத்துவிட்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவரைப் பார்த்தாள்.

"ஆடுச்சா?"

"பாட்டில் ஆடலை. கடிகாரம்தான் மெதுவா ஓடுச்சு," என்றார். "சரி, இது நீ வாங்கப் போற லென்ஸோட எடை. கேமராவை யார் தூக்குவா, நானா?"

அது நியாயமான கேள்விதான். அவள் இன்னொரு சின்ன பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து, பெரிய பாட்டிலோடு சேர்த்து டேப் போட்டுச் சுற்றினாள். கொஞ்ச நேரம் தோளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவள். சுவரை யார் வேண்டுமானாலும் பூசுவார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நாள் முழுக்க மேற்கூரையைப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த வேலையை அவள் விரும்பிச் செய்ததால் ஊரே அவளை 'சீலிங் அக்கா' என்றது. அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். விடியற்காலையில், வேலைக்குப் போகும் முன், தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போய்ப் படம் எடுப்பது அவளுடைய இன்னொரு பிழைப்பு. அதில் சல்லிக்காசு வராது, ஆனால் அதைத் தொட்டுப் பேசினால் கோபம் மட்டும் வரும்.

அந்த ஏரியின் கிழக்கு மூலையில், நாணலுக்குள், ஒரு நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. இது சீலிங் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நாணல் மண்டிப்போய்த் தண்ணீர் ஓட்டம் குறைந்துவிட்டதென்று, வருகிற திங்கட்கிழமை வெட்டும் எந்திரத்தை இறக்கப் போகிறார்கள். அவள் ஏரி அலுவலகத்துக்கு ஓடினாள். பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. அவள் நீட்டிய படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"இது நாயா, மரக்கட்டையாம்மா?"

"நீர்நாய் சார். தாய்."

"குட்டி எங்கே?"

"பின்னால வரும்."

"வரட்டும். குட்டியோட தெளிவா ஒரு படம் கொண்டாங்க, அந்த மூலையை விட்டுட்டு வெட்டச் சொல்றேன். சட்டத்துல இடம் இருக்கு. வாய்வார்த்தையை நம்பி நான் வேலையை நிறுத்தினா என் தலை உருளும்."

அது நடந்தது திங்கட்கிழமை. அன்றிலிருந்து அவளிடம் இருந்தது ஒரு வாரம். அவளுடைய பழைய லென்ஸோ எழுபது கஜத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் மரக்கட்டையாக்கிவிடும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தத் தாய் நீர்நாய் சந்தேகப் பிராணி. முதலில் தலையை மட்டும் வெளியே நீட்டி, ஏறக்குறைய ஏழு நிமிடம் நாலா பக்கமும் பார்க்கும். பத்து விடியலில் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்திருக்கிறாள். ஆறரைக்குக் குறைந்ததில்லை, ஏழரையைத் தாண்டியதில்லை. அதற்குள் எதிர்க்கரையில் ஒரு கை உயர்ந்தாலும் போதும், தலை உள்ளே போய்விடும், அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றும் அசையவில்லை என்றால்தான் ஒரு சீழ்க்கை அடிக்கும், குட்டிகள் வரும். ஆகவே கேமராவை முன்கூட்டியே கண்ணில் வைத்து, அந்த ஏழு நிமிடமும் இறக்காமல், அசைக்காமல் நிற்க வேண்டும்.

முக்காலி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று யோசனை சொல்ல வருகிறவர்களுக்கு: வைத்துப் பார்த்தாயிற்று. நாணலின் வாய் தெரிவது மதகின் மேலிருந்து மட்டும். அங்கே நிற்க இடம் ஒன்றரை அடி அகலக் கம்பித் தட்டு. முக்காலியை விரிக்க முடியாது. ஒற்றைக்கால் ஸ்டாண்டோ கம்பி இடுக்கில் இறங்கிவிடுகிறது. கைப்பிடிக் குழாயில் சாய்க்கலாமென்றால் நிலையத்து மோட்டாரின் நடுக்கம் முழுக்க அந்தக் குழாயில்தான் ஓடுகிறது. தானாகப் படம் எடுக்கும் பெட்டி ஒன்றை மரத்தில் கட்டிவைத்தாள். அது நாணல் காற்றில் ஆடுவதை ஐந்நூறு படம் எடுத்துத் தள்ளியிருந்தது. கையில்தான் பிடித்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் அண்ணனின் லென்ஸை வாங்கிப் போனாள். அண்ணன் அச்சகம் வைத்திருக்கிறார். விலை உயர்ந்தது எல்லாம் அவரிடம் இருக்கும், ஆனால் எதையும் உபயோகிக்க மாட்டார். அந்த லென்ஸுக்கு வீட்டில் 'பீரங்கி' என்று பெயர். மூன்றரைக் கிலோ. மூன்றாவது நிமிடத்தில் அவள் தோள் கெஞ்சியது, நான்காவதில் கை தானாகக் கீழே வந்தது. நாணலுக்குள் தண்ணீர் ஒருமுறை சுழித்ததோடு சரி.

"நான் வந்து எடுத்துத் தரேன் பாப்பா," என்றார் அண்ணன். தங்கைக்கு நாற்பத்தாறு வயதானது அவருக்கு இன்னும் எட்டவில்லை. புதன்கிழமை விடியலில் வந்தார். அவருடைய நூறு கிலோ உடம்பு ஏறியதும் கம்பித் தட்டு போட்ட சத்தத்தில், நீர்நாய் இருக்கட்டும், கொக்குகளே இடத்தைக் காலி செய்துவிட்டன.

அதனால்தான் புதன்கிழமை சாயங்காலம் அடுப்பங்கரையில் பாட்டில் வித்தை. இரண்டே முக்கால் கிலோவை அவள் எட்டு நிமிடம் பிடித்துக் காட்டினாள். கணவர் டீ போட்டுக் கொடுத்தார். குடித்த கையோடு கடைக்குக் கிளம்பினாள்.

கேமராக் கடைக்காரப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சு வேகமாக இருந்தாலும் பொய் சொல்லாத பெண். எடுத்துப் போய் உபயோகித்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்தக் கடையின் வழக்கம்.

"தூரத்துல இருக்கிற நீர்நாயைப் படம் எடுக்கணும். ரெண்டு கிலோ வரைக்கும் தாங்குவேன். அதுக்குள்ள ரொம்ப தூரம் போறது எது?" என்றாள் சீலிங் அக்கா.

"இந்த ஜூம்தான் அக்கா. சரியா ரெண்டு கிலோ. வேணும்னா கிட்ட, வேணும்னா தூரம். காட்டுப் படம் எடுக்கிற முக்காவாசி பேர் கையில இதுதான் இருக்கு."

கையில் வாங்கிப் பார்த்தாள். குட்டையாக, பாந்தமாக இருந்தது. பாட்டிலைவிட லேசாகக்கூடத் தோன்றியது. கண்ணில் வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "கொடும்மா," என்றாள். அவசரத்தில் செய்கிற காரியம் எப்போதும் அந்த நேரத்துக்கு நல்ல காரியமாகத்தான் தெரிகிறது.

வியாழக்கிழமை விடியல். மதகின் மேல் நின்று ஜூமை முழுக்க நீட்டினாள். நாணலின் வாய் பக்கத்தில் வந்து நின்றது. தலை வெளியே வந்தது. மீசையில் தொங்கிய நீர்த்துளிகூடத் தெரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நான்காவது நிமிடத்தில் லென்ஸின் நுனி கீழே இழுக்க ஆரம்பித்தது. ஐந்தாவதில் மீசை இரண்டாகத் தெரிந்தது. ஐந்தே முக்காலில் கை நடுங்கி, நடுக்கத்தை அடக்கப் போய் முழங்கை விலகி, அந்தச் சின்ன அசைவு போதுமென்று தலை மறைந்தது.

கம்பித் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டே முக்கால் கிலோவை எட்டு நிமிடம் பிடித்தவளுக்கு அதே இரண்டே முக்கால் கிலோ எப்படி எமனாயிற்று? லென்ஸை மடியில் வைத்து ஜூமைச் சுருக்கினாள். பிறகு நீட்டினாள். சுருக்கும்போது ஒரு சாண் போல இருந்த குழாய், நீட்டினால் முன்னால் இன்னொரு அரைச் சாண் வளர்ந்தது. கண்ணாடியெல்லாம் அந்த நுனியில்தான் இருந்தது.

அவளுக்கு நெற்றியில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இருபது வருடமாக அவள் தூக்குவது என்ன? ரோலர். கைப்பிடியோடு பிடித்தால் அது ஒன்றுமே இல்லை. நீளக் கம்பில் மாட்டி, வர்ணத்தில் தோய்த்து, நுனியில் தூக்கினால் அதே ரோலர் தோளைப் பிடுங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் வாய் ஓயாமல் சொல்லும் பாடம் இதுதான்: எவ்வளவு கனம்னு பாக்காதே, கனம் எங்கே இருக்குன்னு பாரு. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தன் வேலைக்கு வந்தபோது, கனமெல்லாம் கைக்குள்ளேயே அடங்கிய பாட்டிலைப் பிடித்துப் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

"அறிவு கெட்டவளே," என்று தன்னையே ஒருமுறை திட்டிவிட்டு எழுந்தாள்.

அன்று பகல் முழுக்க ஒரு மருத்துவமனை வராந்தாவின் மேற்கூரை. இடது கையாலேயே பூசினாள். வெள்ளிக்கிழமையும் இடது கைதான். மேஸ்திரி இரண்டு நாளும் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, புது ஸ்டைலா?" என்றார். "வலது கைக்கு வேற வேலை இருக்கு," என்றாள். வெள்ளிக்கிழமை விடியலில் ஏரிப் பக்கமே போகவில்லை. தோளுக்குச் சூடு கொடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் வரை வீட்டில் கிடந்தது அவளுக்குச் சிறைவாசமாக இருந்தது. ஆனாலும் படுத்துக் கிடந்தாள்.

அன்று சாயங்காலம் கடைக்குள் நுழைந்தவள் ஜூமை மேசை மேல் வைத்தாள்.

"இது வேணாம்மா. எனக்கு எடையைச் சொல்லாதே. கண்ணை மூடிக்கறேன், ஒவ்வொண்ணா கையில கொடு. கேமராவோட மாட்டி, முழுக்க நீட்டிக் கொடு."

கடைக்காரப் பெண் சிரித்தாள், ஆனால் சொன்னபடி செய்தாள். சீலிங் அக்கா முழங்கைகளை விலாவில் ஊன்றி, இடது உள்ளங்கையில் லென்ஸை ஏந்தி, அது எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்று மட்டும் கவனித்தாள். முதலாவது மூக்கைக் கவிழ்த்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எந்தப் பக்கமும் சாயாமல் உள்ளங்கையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"இது எது?"

"அக்கா, அது ஜூம் ஆகாது. ஒரே தூரம்தான். நீங்க எடுத்துட்டுப் போனது அளவுக்கு எட்டாது. வெளிச்சமும் கொஞ்சம் கம்மியா வாங்கும், விடியற்காலையில படம் புள்ளி புள்ளியா வரும்."

"கனம்?"

"ஒண்ணரைக் கிலோகூட இல்ல. ஆனா நீர்நாய் திடீர்னு கிட்ட வந்துட்டா என்ன பண்ணுவீங்க? பின்னாடி போக முடியாதே."

"அது கிட்ட வர்ற ரகம் இல்லம்மா. உன்கிட்ட கடிகாரம் இருக்கா?"

எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை. அதன் கண்ணாடிக் கதவில் பொடி எழுத்தில் கடை நேரம் எழுதியிருந்தது. முதலில் ஜூமைக் கண்ணில் வைத்து ஏழு நிமிடம் அசையாமல் நின்று, ஏழாவது நிமிட முடிவில் அந்த எழுத்துகளைப் படம் எடுத்தாள். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோளை உருவிவிட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து அந்தச் சின்ன லென்ஸோடு அதே ஏழு நிமிடம். பேட்டரி வாங்க வந்த ஒருவர், "இந்தம்மா பொம்மையா?" என்று கேட்டார். "உயிருள்ள பொம்மை, தொட்டா கடிக்கும்," என்றாள் கடைக்காரப் பெண் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு படத்தையும் கணினியில் போட்டார்கள். ஜூம் எடுத்த படத்தில் எழுத்துகள் பெரியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் எழுத்து துணை நின்றது. சின்ன லென்ஸின் படத்தில் கதவே சிறியது. கடைக்காரப் பெண் அதைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். "செவ்வாய் மாலை விடுமுறை" என்று இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள்.

"படம் சின்னதா இருந்தா இழுத்துப் பெருசாக்கிக்கலாம். ஆடிப்போனதை என்ன பண்ணினாலும் ஆடினது ஆடினதுதான். புள்ளி வந்தா வரட்டும்," என்றாள் சீலிங் அக்கா. கடைக்காரப் பெண் பெட்டியை எடுத்து வந்தாள்.

சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அலுவலகம் அன்று மதியம் வரை. ஞாயிற்றுக்கிழமை படம் கிடைத்தாலும் காட்ட ஆள் இருக்காது. கணவர் தன் முதல் பேருந்து நடையை வேறொரு ஓட்டுநருக்கு மாற்றிவிட்டு ஏரி வரை வந்தார். மதகில் ஏறவில்லை, தூரத்தில் மரத்தடியில் நின்றுகொண்டார்.

கிழக்கு வெளுக்கும்போது அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். முழங்கைகள் விலாவில், பாதங்கள் கம்பியின் குறுக்கே, மூச்சு மூக்கின் வழியாக மட்டும். மேற்கூரையும் சுவரும் சேரும் ஓரத்தில் கோடு இழுக்கும்போது அவள் இப்படித்தான் நிற்பாள். நாணல் விலகி, தலை வெளியே வந்தது. அன்றைக்கு முந்தாநாள் மாதிரிப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கணம் அவள் மனம் சஞ்சலப்பட்டது: தப்பான லென்ஸைக் கொண்டுவந்துவிட்டோமோ? இனி யோசித்து ஆகப் போவது ஒன்றுமில்லை. எண்ண ஆரம்பித்தாள்.

மூன்று நிமிடம். தாய் இடது பக்கம் பார்த்தது. நான்கு. மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து ஆற அமரக் குடித்தது. குடித்துத் தொலை என்று விட்டுவிட்டாள். ஐந்து. தோளில் தையல் போட்ட இடம் சுள்ளென்றது. ஆனால் லென்ஸ் சாயவில்லை, உள்ளங்கையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தது. ஆறு. தாய் நேராக அவளைப் பார்த்தது. நான் தூண், நான் தூண், எனக்கு வர்ணம் பூசி இருபது வருடமாயிற்று என்று சொல்லிக்கொண்டாள். ஆறரை. வலி கழுத்துக்கு ஏறியது. ஏழு.

சீழ்க்கை கேட்டது.

முதல் குட்டி தண்ணீரில் விழுந்த மாதிரி வந்தது. இரண்டாவது அதன் முதுகின் மேல் ஏறியது. மூன்றாவது தாயின் கழுத்தைக் கடித்துத் தொங்கியது. அவள் விரலை மட்டும் அசைத்தாள். எத்தனை முறை அழுத்தினாள் என்று தெரியாது. குட்டிகள் நாணலுக்குள் திரும்பிப் போன பிறகும் கையை இறக்கத் தோன்றாமல் நின்றாள். கணவர் மெல்ல வந்து கேமராவை வாங்கிக்கொண்டபோதுதான் வலது கை மரத்துப்போயிருப்பது தெரிந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றாள். இப்போது அழுகை வந்தது.

பொறியாளர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. படத்தைத் திரையில் பெரிதாக்கி, பேனா முனையால் தொட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு."

"மூணுதான் சார்."

"நாலும்மா. நாணல் இடுக்குல பாருங்க, ஒரு மூக்கு." அவள் குனிந்து பார்த்தாள். புள்ளிகளுக்கு நடுவே, வெளியே வரப் பயந்த ஒரு கறுப்பு மூக்கு தெளிவாகத் தெரிந்தது. பொறியாளர் வரைபடத்தை விரித்து, கிழக்கு மூலையைச் சுற்றி ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒரு சிக்கல். இந்த எல்லையில கம்பு நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடிச்சு வைக்கணும். இல்லன்னா எந்திரம் ஓட்டறவருக்குத் தெரியாது, சேர்த்து வெட்டிடுவாரு. பெயிண்ட் அடிக்கற ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான்."

சீலிங் அக்கா அவரையே பார்த்தாள். கணவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"சார், நான் என்ன வேலை பாக்கறேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை நாற்பது கம்புகள். கம்பைத் தரையில் இறக்க நூறு கிலோ ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அண்ணன் மகிழ்ச்சியோடு வந்து, சுத்தியலைத் துணியில் சுற்றிச் சத்தமில்லாமல் அடித்தார். நீர்நாயின் தூக்கம் கெடக் கூடாதாம். அவள் இடது கையால் ஒவ்வொரு கம்புக்கும் இரண்டு பூச்சு பூசினாள்.

திங்கட்கிழமை எந்திரம் வந்தது. தெற்கிலிருந்து நாணலை விழுங்கிக்கொண்டே வந்து, முதல் சிவப்புக் கம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். வரிசையாகக் கம்புகளைப் பார்த்தார். பிறகு எந்திரம் மெதுவாகப் பின்வாங்கி, திரும்பி, அடுத்த பக்கம் போனது.

அது திரும்பும்போது மதகின் மேலிருந்து அவள் சிரிப்பை அடக்க முடியாமலே ஒரு படம் எடுத்தாள். கையில் அதே சின்ன லென்ஸ்தான். இரண்டு நாளாக ஓய்வெடுத்த தோள், பிடித்திருந்தது அரை நிமிடம்கூட இல்லை. வீட்டுக்குப் போய்த் திரையில் பார்த்தால், அந்த ஒரு படம் மட்டும் ஆடிப்போயிருந்தது. அதற்குத் தோளைக் குற்றம் சொல்ல முடியாது.